கொட்டை என்பது யாது?

மாங்கொட்டை, பனங்கொட்டை, புளியங்கொட்டை, ஆமணக்கங்கொட்டை, கொட்டைப்பாக்கு எனக் 'கொட்டை' என்னுஞ் சொல் நம்மவர் முற்றத்திலும் அடுக்களையிலும் நாள்தோறும் வழங்குவது. ஊவா மலைத்தோட்டங்களில் இவற்றோடு கோப்பிக்கொட்டையையுஞ் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இத்துணைப் பொருள்களுள் ஒன்றேனும் தாவரவியலார் வகுத்த இலக்கணப்படி கொட்டையாகாது என்று கூறின், நம்புதற்கு அரிதாகவே தோன்றும். யானும் நெடுங்காலம் இதனைச் சிந்தித்தவனல்லன். சிந்திக்கச் செய்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன்.

யான் வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவன். விஞ்ஞானத்தை முறையாகக் கற்றவனல்லன். பதுளைப் பகுதியிலே ஒரு தோட்டப் பாடசாலையிற் பணியாற்றிய காலத்தில், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத குறையால் ஏழாந்தர விஞ்ஞானமும் என் தலையில் விழுந்தது. தவணைப் பரீட்சையிலே, 'கொட்டை வகைக் கனிக்கு ஓர் உதாரணம் தருக' என்று ஒரு வினா இட்டேன். கையிலிருந்த வழிகாட்டி நூல் 'மரமுந்திரிகை' என்று விடை கூறியது. மாணவன் ஒருவன் 'கோப்பிக்கொட்டை' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையாற் குறுக்கே ஒரு கோடிட்டேன். மறுநாட் காலையில் அவன் காற்சட்டைப் பையிலிருந்து உலர்ந்த கோப்பியை ஒரு கைப்பிடி எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சேர், இதுக்குப் பேரு கோப்பிக்கொட்டைதானே? எங்க அம்மாயி அப்படித்தான் சொல்லும். பேருலயே கொட்டை இருக்கு. அப்புறம் ஏன் சேர் பிழை?"

"புத்தகத்தில் அப்படி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அஃது ஆசிரியன் கூறத்தக்க விடையன்று. அவ்விடையின் உறுத்தல் தாங்காது யான் தேடி அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் நமது சொல்லை நோக்குவோம். தமிழர் கொட்டை என்றது, சதையைத் தின்றபின் எஞ்சி நிற்கும் வன்பொருளை. அது விதையாயினும் ஆகுக, விதையை மூடிய ஓடாயினும் ஆகுக. வன்மையாய் எஞ்சுவது கொட்டை. புளியங்கொட்டை வெறும் விதை. மாங்கொட்டையோ விதையும் அதனைச் சூழ்ந்த நார்பொதிந்த ஓடும் ஒருங்கே சேர்ந்தது. இரண்டையும் ஒரு பெயராலே வழங்குவதில் தின்பவனுக்கு இடர்ப்பாடு இல்லை. ஆங்கிலேயர் 'நட்' என்பது வேறொரு நோக்கில் எழுந்த சொல். ஓட்டை உடைத்தால் உள்ளே தின்னத்தக்க பருப்பு இருப்பது எதுவோ, அது அவர்க்கு நட். நாம் எறிவதைக் கொண்டு பெயரிட்டோம். அவர் தின்பதைக் கொண்டு பெயரிட்டனர். இவ்விரு வழக்கையும் தாவரவியல் ஏற்கவில்லை. 'இது வன்மையாய் உள்ளதா? தின்னத்தக்கதா?' என்று அது வினவுவதில்லை. 'இவ்வன்மை பூவின் எவ்வுறுப்பிலிருந்து வந்தது?' என்றே வினவுகின்றது.

பூவின் நடுவே சூலகம் உள்ளது. அதனுள்ளே சூல்வித்துக்கள் உள்ளன. கருக்கட்டிய பின்னர்ச் சூலகம் கனியாகின்றது, சூல்வித்து விதையாகின்றது. இது மாறா விதி. சூலகத்தின் சுவரே கனியின் சுவராகி, பெரும்பாலும் மூன்று படைகளாக வேறுபடும். மாம்பழத்திலே வெளித்தோல் ஒன்று. நாம் உண்ணுஞ் சதை இரண்டு. கொட்டையின் வன்மையான ஓடு மூன்று. அவ்வோட்டைப் பிளந்தால் உள்ளே மெல்லிய உறையோடு கிடப்பதே விதை. ஆகவே மாங்கொட்டையின் ஓடு விதையின் பகுதியன்று, கனிச்சுவரின் உட்படை. இவ்வாறு உட்படை மட்டும் ஓடாக இறுகிய கனியை நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் உள்ளோட்டுச் சதையம் என்னும்.

கோப்பியும் அவ்வினத்ததே. சிவந்து பழுத்த கோப்பிப் பழத்தைப் பிதுக்கினால் தோலும் வழுவழுப்பான இனிய சதையும் நீங்கும். பின்பு முத்துப்போல இரண்டு பாதிகள், தட்டைப்புறம் ஒன்றையொன்று நோக்கியிருக்க, வெளிவரும். வெயிலிற் காய்ந்தபின் அவற்றின்மேற் கடதாசிபோன்ற ஓடொன்று கலகலத்து நிற்கும். அதுவே மாங்கொட்டையின் ஓட்டுக்கு ஒப்பான உட்படை. உரலிலிட்டு இடிக்கும்போது பறந்து போவது அதுவே. அதனடியில் வெள்ளிபோல ஒட்டிக்கிடக்கும் நுண்ணிய தோல்தான் விதையின் சொந்த உறை. வறுத்து இடித்துக் குடிப்பது விதையினுள்ளே முளையத்திற்கு உணவாகச் சேமிக்கப்பட்ட வித்தகவிழையம். கோப்பிச் சூலகத்தில் இரண்டு சூல்வித்துக்கள் உண்டு. அதனாலேயே பழத்துக்கு இரண்டு விதைகள். சிற்சில பழங்களில் ஒரு சூல்வித்து வளராது போகும். அப்பொழுது மற்றையது இடம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டு, தட்டைப்புறம் இன்றி உருண்டையாய் விளையும்.

கோப்பியைப்பற்றி இத்துணை விரித்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இம்மலைகளை முதலிற் பெருந்தோட்டமாக்கியது தேயிலையன்று, கோப்பியே. கோப்பி இலையிற் செம்மஞ்சட் பொடியாய்ப் படர்ந்த பூஞ்சண நோய் இலங்கையில் முதன்முதற் காணப்பட்டது 1869ஆம் ஆண்டு மடுல்சீமையில். அடுத்த இருபது ஆண்டுகளிற் பெருந்தோட்டக் கோப்பி வீழ்ந்தது; தேயிலை எழுந்தது. எனினும் லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு தோட்டங்களிற் கோப்பிச் செடி இன்றும் நிற்கின்றது. வாசலிற் சாக்கு விரித்து அதனைக் காயவைக்கும் முதியோரும் உளர். அச்சிறுவனுக்குக் கோப்பிக்கொட்டை நூலிற் கற்ற சொல்லன்று. கையாற் பொறுக்கிய பொருள்.

தேயிலையின் விதையும் வன்மையானதே. கபில நிறமாய், ஏறக்குறைய உருண்டையாய், காலின்கீழ் மிதிபட்டால் வழுக்குவதாய் உள்ள அதனைக் கண்டோர் கொட்டை என்றே கூறுவர். ஆயின் அது பெரும்பாலும் மூன்று அறைகொண்ட ஒரு காய் முற்றி வெடிக்க வெளிப்படும் விதை. அதன் வன்மை விதையுறையின் வன்மை. கனிச்சுவர் வெடித்து வெறுஞ் சக்கையாய் நின்றுவிடும். கிளைத்துண்டிலிருந்து கன்று வளர்க்கும் முறை பரவுமுன்னர்த் தோட்டங்களெல்லாம் இவ்விதையினின்றே எழுந்தன. விதைகளை நீரிலிட்டு, மிதப்பவற்றை நீக்கி, ஆழ்ந்தவற்றையே நாற்றுமேடைக்கு எடுப்பது வழக்கமாயிருந்தது.

இனி, தாவரவியலார் ஐயமின்றிக் கொட்டை என்பது யாது? குழப்பம் நீங்கும்பொருட்டு அதனை யான் 'வன்கனி' என வழங்குகின்றேன். வன்கனி உலர்ந்த கனி; சதையற்றது. அதன் சுவர் முழுவதும், ஒரு படை மட்டுமன்று, மரம்போல இறுகியிருக்கும். முற்றிய பின்னும் அது தானாக வெடிக்காது. உள்ளே பெரும்பாலும் ஒரு விதையே இருக்கும். அவ்விதை மெல்லிய உறையோடு சுவரினின்று விலகிக் கிடக்கும். இவற்றிற்கு மேலாக, நுண்ணிலக்கணம் வகுப்போர் இன்னொன்றுங் கூறுவர். அச்சூலகம் ஒரே சூல்வித்திலையால் ஆகாது, பல சூல்வித்திலைகள் இணைந்து ஆகியதாதல் வேண்டும் என்பதே அது. சூல்வித்திலை எனப்படுவது சூலகத்தை ஆக்கும் இலைபோன்ற உறுப்பு.

இவ்விலக்கணம் முழுதும் அமைந்த கனி ஓக் மரத்தினது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்கு வரும் பெருந்தெருவில், 1861ஆம் ஆண்டு சிங்கோனா வளர்க்கும்பொருட்டுத் தொடங்கப்பெற்ற ஹக்கலைப் பூங்காவில் ஆங்கில நாட்டு ஓக் மரங்கள் நிற்கின்றன. இலங்கைக் காடுகளில் ஓக்கின் குடும்பத்து மரம் ஒன்றுமே இயற்கையாய் இல்லை, தென்னிந்தியாவிலும் இல்லை. எனவே நமது சொல்வழக்கில் இவ்வினத்துக்குத் தனிப்பெயர் தோன்றாமை குறையன்று. காணாத பொருளுக்கு யார் பெயரிடுவர்? ஓக் பூவின் சூலகத்தில் மூன்று அறைகள். அறைக்கு இரண்டாக ஆறு சூல்வித்துக்கள். ஆறனுள் ஒன்றே விதையாகும். ஏனை ஐந்தும் கரிந்தொழியும். சுவர் முழுதும் இறுகும். அடியிலே பூவடிச் செதில்கள் ஒன்றாகி ஒரு சிறு கிண்ணமாய்த் தாங்கி நிற்கும். ஆறு அறிகுறிகளோடு தொடங்கி ஒன்றோடு முடியும் இவ்வரலாறே வன்கனிக்கு அடையாளம், வெறும் வன்மையன்று.

கடல்கடந்து போகாமலே இதற்கு ஒப்பானதொன்றைக் காட்டவும் இயலும். சிங்கராஜா முதலிய ஈரவலயக் காடுகளில் வானளாவி நிற்கும் ஒரு மரத்தைச் சிங்களவர் 'ஹொர' என்பர். அதன் சூலகத்திலும் மூன்று அறை, ஆறு சூல்வித்து. முடிவில் ஒரு விதை. புல்லிகளுள் இரண்டு நீண்டு சிறகாகிக் கனியைச் சுழற்றிக்கொண்டு நிலத்தில் இறக்கும். நூல்கள் இதனையும் வன்கனி என்றே விவரிக்கின்றன. ஓக்குக்கும் ஹொரவுக்கும் உறவு ஏதுமில்லை. ஆயினும் இரண்டும் ஒரே வழியிற் சென்று ஒரே முடிவை அடைந்தன.

தேங்காயைப்பற்றி வினவாதார் இலர். ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே நட் உண்டு. சுவீடன் நாட்டு லின்னேயசு 1753ஆம் ஆண்டு தென்னைக்கு இட்ட இலத்தீன் பெயரில் வரும் 'நியூசிபெரா' என்பதற்கும் கொட்டை தாங்குவது என்றே பொருள். தமிழரோ அதனைத் தேங்காய் என்றனரேயன்றித் தேங்கொட்டை என்றாரல்லர். இவ்வொன்றில் நம் வழக்கே உண்மைக்கு அணித்தாய் உள்ளது. வழுவழுப்பான புறத்தோல் வெளிப்படை, தும்பு இடைப்படை, சிரட்டை உட்படை. ஆகவே தேங்காயும் மாம்பழத்தின் இனமே, சாறுள்ள சதைக்கு ஈடாக நார் பெற்றது என்பதே வேற்றுமை. சிரட்டையிலுள்ள மூன்று கண்கள் சூலகத்தின் மூன்று சூல்வித்திலைகளைக் காட்டுவன. விதை ஒன்றே ஆதலின் மென்மையான ஒரு கண்வழியாகவே முளை வரும். துருவும் வெண்பருப்பும் குடிக்கும் நீரும் அவ்விதையின் வித்தகவிழையமே. கமுகிலும் நாருள்ள மட்டை கனிச்சுவர். கொட்டைப்பாக்கு அதனுள் இருக்கும் விதை. பாக்கை வெட்டியதும் தெரியும் கபிலக் கோடுகள், விதையுறை உள்நோக்கி மடிந்து புகுந்தமையால் உண்டானவை. புறத்தே வயிரமுடையன புல் என்றும், அகத்தே வயிரமுடையன மரம் என்றும் வகுத்த தொல்காப்பிய மரபியலை ஈண்டு நினைத்தல் தகும். அவ்வழித் தென்னையும் கமுகும் பனையும் புல்லினத்தன. இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கின்றது. தோற்றத்தை விட்டு அமைப்பை நோக்கும் பார்வை நமக்குப் புதியதன்று.

கச்சானுக்கு நெடிய விளக்கம் வேண்டா. அது அவரையின் சுற்றம். பூ உதிர்ந்தபின் சூலகத்தின் காம்பு நீண்டு மண்ணுட் புகுந்து, அங்கே காயாகின்றது. தோடு கனிச்சுவர், பருப்பு விதை. மொனராகலைப் பக்கத்தில் மிகுதியாய் விளைவது.

அம்மாவட்டத்திலே வறண்ட நிலங்களில் வளரும் மரமுந்திரிகை, வழிகாட்டி நூல் எனக்குத் தந்த விடை. சிவந்தோ மஞ்சளாகவோ தொங்கும் 'பழம்' உண்மையிற் கனியன்று, பூக்காம்பு பருத்தது. அதன் நுனியிற் சிறுநீரகம்போற் பொருந்தியதே கனி. உலர்ந்தது, வெடியாதது, ஒருவிதையுடையது என்பவற்றைக் கொண்டு சிலர் அதனை வன்கனி என்பர். ஆனால் அதன் சுவர் முழுதும் ஒருபடித்தாய் இறுகியதன்று. தோல்போன்ற புறப்படைக்கும் வன்மையான உட்படைக்கும் இடையே, தொட்டாற் கைதோலைப் புண்ணாக்கும் எண்ணெய் நிறைந்த படை உண்டு. இக்காரணத்தால் வேறு பலர் உள்ளோட்டுச் சதையம் என்பர். சூலகமும் ஒரு சூல்வித்திலையினது. எனவே யான் புள்ளி வழங்கியிருந்த 'சரியான' விடையும் அறிஞரிடை வழக்கிலிருப்பதே. இதனை அறிந்த அன்று அச்சிவப்புக் கோட்டை நினைத்து நாணினேன்.

பிறநாட்டுப் பெயர்பெற்ற பருப்புக்களும் இத்தகையனவே. வாதுமை மாங்கொட்டைபோன்ற ஓட்டினுள் இருக்கும் விதை. பிரேசில் நட் எனப்படுவது பெரியதொரு பெட்டகம்போன்ற காயுள் அடுக்கிய விதைகளுள் ஒன்று. மக்கடேமியா ஒருபுறம் வெடிக்கும் காயின் விதை. இம்மூன்றாவதன் நெருங்கிய உறவு தேயிலைக்கு நிழல்தர ஊவா எங்கும் நடப்பட்ட சவுக்கு மரமே. (தமிழ்நாட்டார் சவுக்கு என்பது முற்றும் வேறான மரம், நம் தோட்டத்துச் சவுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறவேலியா.) பலாவை வேண்டுமென்றே விடுத்தேன். ஒரு பூங்கொத்து முழுதும் சேர்ந்து ஒரு பழமாகும் அதன் கதை தனிக்கட்டுரைக்கு உரியது.

பெரியனவெல்லாம் இவ்வாறு நழுவிப்போக, வன்கனிக்கு அணித்தாய் நிற்கும் சிறியன சில நம் கோயில் முற்றத்திலேயே உள்ளன. துளசியில் விதை என்று உதிர்த்தெடுத்து விதைக்கும் கருமணிகள் விதைகளல்ல. பூவின் சூலகம் நான்கு கூறாய்ப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் சுவரோடு இறுகிய சிறுகனி. தாவரவியலார் அதனைச் சிறுகொட்டை எனப் பொருள்படும் பெயராலேயே குறிப்பர். தும்பையும் அவ்வாறே. தாமரைக்கொட்டையும் அத்தகையது. பொகுட்டின் குழிகளில் தளர்ந்து ஆடும் ஒவ்வொன்றும் சுவர் முழுதும் இறுகி, வெடிக்காது, ஒருவிதை தாங்கிய தனிக்கனி. ஒரே சூல்வித்திலையால் ஆனது என்பதுபற்றி நுண்ணிலக்கணத்தார் அதனை வேறு பிரிவில் வைப்பர். ஆயினும் கனிகளையும் விதைகளையும் ஆராய்ந்து பெருநூல் எழுதிய செருமானியர் கேட்னர், 1788ஆம் ஆண்டு தாமரைக்கு இட்ட பெயரும் 'நியூசிபெரா' என்பதே. அவ்வோட்டின் ஆற்றலுக்கு ஒரு சான்று கூறலாம். வடகிழக்குச் சீனத்தில் வற்றிப்போன ஏரிப்படுகையிலிருந்து எடுத்த ஏறக்குறைய 1,300 ஆண்டுப் பழமையான தாமரைக்கொட்டையொன்று முளைத்ததாக 1995இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

பெயரைப்பற்றி இத்துணை வாதம் எதற்கு என்று வினவுவோர் உளர். பெயர் மயக்கத்தால் உயிருக்கு இடர் வருதல் உண்டு. வேலியாக நடப்படும் காட்டாமணக்கின் விதை, கச்சான்போற் சுவைப்பதால், சிறுவர் அதனைத் தின்று வாந்தியும் கழிச்சலுமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவது நம் நாட்டில் நிகழ்வது. 'பருப்பு', 'கொட்டை' என்னும் பெயர்கள் உணவென்று உறுதி தருவனவல்ல என்பதை வகுப்பிற் கூறியே ஆதல் வேண்டும். மறுபுறத்தில், கச்சான் தாவரவியலின்படி கொட்டையன்று என்று கற்ற மாணவன், கொட்டை ஒவ்வாமை உள்ள தோழனுக்கு அதனைத் துணிந்து கொடுத்துவிடலாகாது. ஒவ்வாமை கனிச்சுவரைப் பார்த்து வருவதன்று; பருப்பிலுள்ள புரதத்தால் வருவது. மருத்துவர் வகுக்கும் பட்டியல் வேறு, நமது வேறு. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2006ஆம் ஆண்டு தேங்காயை மரக்கொட்டை ஒவ்வாமைப் பட்டியலிற் சேர்த்து, 2025 சனவரியில் நீக்கிற்று. அதனோடு நீக்கப்பட்டவற்றுள், தாவரவியலார் ஐயமின்றி வன்கனி என்னும் செஸ்நட்டும் ஒன்று. வன்கனியல்லாத வாதுமையோ பட்டியலில் நிலைத்தது.

தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கிய 1950களில் இலங்கையிற் கலைச்சொற்கள் பெருமுயற்சியோடு ஆக்கப்பட்டன. சூல்வித்து, வித்தகவிழையம் போன்றவை எம்மனோர்க்கு அரிய கருவிகள். வேறு பொருள் அவற்றோடு ஒட்டிக் கிடக்கவில்லை. கொட்டை என்பதோ முன்னமே நிறைந்த பாத்திரம். அதனைத் தாவரவியல் நட் என்பதற்கு ஈடாக வினாத்தாளில் வைத்தால், வீட்டிலே தமிழைச் செவ்விதாகக் கற்ற பிள்ளையே பிழைவிடுவான். ஆங்கில மனையிற் பிறந்த பிள்ளைக்கும் இதே மயக்கம் உண்டு என்பது உண்மை. ஆயின் அவன் பயிலும் நூல் அம்மயக்கத்தை எடுத்துக் காட்டுகின்றது. நம் நூல்களும் அவ்வாறு ஒரு பத்தி எழுதுதல் அரிதன்று.

அச்சிறுவனை அழைத்து, இழந்த இரண்டு புள்ளிகளையும் பதிவேட்டிற் சேர்த்தேன். 'என்னுடைய வினாதான் பிழை' என்று வகுப்பில் யாவரும் கேட்கச் சொன்னேன். அடுத்த தவணையில் வினாவை மாற்றினேன்: 'ஒரு கோப்பிப் பழத்தைக் குறுக்கே அறுத்துப் படம் வரைந்து, நாம் கொட்டை என வழங்கும் பகுதி பூவின் எவ்வுறுப்பிலிருந்து உண்டாயிற்று எனக் குறிக்க.' பழங்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஏனையோர் யாவரும், பாடநூற் படத்தில் உள்ளவாறே, எதிரெதிராய் இரண்டு அரைவட்டங்கள் வரைந்திருந்தனர். அவன் மட்டும் நடுவில் ஒரே வட்டம் வரைந்து, அருகே கரிந்த புள்ளியொன்றும் இட்டிருந்தான். யாது இது என்று கேட்டேன்.

"நான் அறுத்த பழத்துல ஒண்ணுதான் சேர் இருந்துச்சு" என்றான்.